கல்லை விலக்கினர்; சுவரை விலக்கினரா?

உருவம் செதுக்காதே! தூண் நாட்டாதே! சித்திரக் கல்லை நட்டு அதன்முன் மண்டியிடாதே!

இப்படியொரு கட்டளை! இதனைப் பிறப்பித்தவர் யார்? ஈரோட்டுப் பெரியாரா? அல்லர். ஊர்ச் சந்தியிலே மேடை போட்டு முழங்கும் கருஞ்சட்டைத் தோழரா? அவரும் அல்லர். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலே, லேவியராகமம் 26ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலே நிற்கும் கட்டளையின் சாரம் இது. உபாகமம் 16ஆம் அதிகாரத்தின் 22ஆம் வசனமோ, தூண் நாட்டுவதை ஆண்டவன் வெறுக்கிறான் என்று ஓங்கி உரைக்கிறது.

இதைப் படித்ததும் நம் இளைஞர் சிலருக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. "பார்த்தீர்களா! நாம் சொல்வதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லிவிட்டார்கள்" என்று பூரிக்கின்றனர். மதம் பரப்புவோரும் இதே வசனத்தை ஏந்தி, "உங்கள் பகுத்தறிவு எங்கள் வேதத்தில் முன்பே உண்டு" என்று உறவு கொண்டாட வருகின்றனர். பூரிப்பும் வேண்டாம், அவசர உறவும் வேண்டாம். கட்டளையை முதலில் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம் என்கிறோம் நாம். மாற்றார் வீட்டுப் பொன்னை உரைத்துவிட்டு நம் வீட்டுப் பொன்னைப் பெட்டியில் பூட்டி வைப்பது நேர்மையன்று. ஆகவே, நம்மையும் அதே கல்லில் உரைப்போம்.

இந்த ஆராய்ச்சிக்கு ஏற்ற ஊர் வேங்கிக்கால். திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த இடம் அது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் 2,668 அடி உயர மலை. "நான் பெரியவன், நீ சிறியவன்" என்று பிரமனும் திருமாலும் பூசலிட, அடியும் முடியும் காணவொண்ணாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்றான், அத்தூணே மலையாயிற்று என்கிறது தல புராணம். ஆண்டுதோறும் கார்த்திகையில் மலையுச்சியிலே கொப்பரை வைத்துத் தீபம் ஏற்றுகின்றனர். அடிவாரத்தைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கின்றனர், இலட்சக்கணக்கானோர். தூண் வணக்கத்துக்கு இதைவிடப் பெரிய தூண் உலகில் எங்கே உண்டு?

அதே வேங்கிக்காலிலே இன்னொரு கல்வியும் காத்திருக்கிறது. கலைஞர் கருணாநிதியின் சிலை அங்கே நிற்கிறது. கிரிவலப் பாதையருகே அச்சிலை கூடாதென்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. இருக்கும் நிலையே தொடரட்டும் என்று இடையில் ஆணையும் பிறந்தது. பின்னர்த் தடை நீங்கி, 2022 ஜூலை 8ஆம் நாள் முதலமைச்சர் என்ற முறையில் மு.க. ஸ்டாலின் அதனைத் திறந்து வைத்தார். தூணெனப் போற்றப்படும் மலை ஒருபுறம். தூணை வணங்காதே என்று கற்பித்த இயக்கத்தின் தலைவர் சிலை மறுபுறம். விவிலியக் கட்டளை இரண்டையும் ஒரே வாளால் வெட்டும். பகுத்தறிவும் அப்படித்தான் வெட்டுமா? இதுவே நம் முன் நிற்கும் வினா.

முதலில் கட்டளையின் பிறப்பைப் பார்ப்போம்.

தூணை வெறுக்கும் அதே நூலிலே, தூணைப் போற்றும் பக்கங்களும் உள்ளன. ஆதியாகமம் 28ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். யாக்கோபு ஒரு கல்லைத் தலைக்கு வைத்து உறங்குகிறான், கனவு காண்கிறான், விழித்தெழுந்து அக்கல்லையே தூணாக நாட்டி, அதன் தலையிலே எண்ணெய் வார்க்கிறான், அவ்விடத்துக்குப் பெத்தேல், அதாவது கடவுளின் வீடு, என்று பெயர் சூட்டுகிறான். கல்லை நடுதல், எண்ணெய் வார்த்தல், இடத்தைப் புனிதமாக்குதல்! நம் கிராமத்து எல்லையிலே நடப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மோசே மலையடிவாரத்திலே 12 தூண்களை நிறுத்தினான் என்கிறது யாத்திராகமம் 24ஆம் அதிகாரம். யோசுவா ஒரு பெருங்கல்லை நாட்டி, அதுவே சாட்சி என்றான்.

முன்னோர் நட்டபோது புனிதமாயிருந்த தூண், பின்னாளில் அருவருப்பானது எப்படி? உபாகமம் 12ஆம் அதிகாரம் விடை சொல்கிறது. கண்ட கண்ட இடத்திலே பலியிடாதே, ஆண்டவன் தெரிந்தெடுக்கும் ஓரிடத்துக்கே வா என்பது அதன் ஆணை. கி.மு. 622ஆம் ஆண்டளவில் யூதேயா மன்னன் யோசியா, எருசலேம் ஆலயத்திலே ஒரு சட்ட நூல் கண்டெடுக்கப்பட்டதென்று அறிவித்து, நாடெங்கும் இருந்த மேடைகளை இடித்தான், தூண்களைத் தகர்த்தான். யாக்கோபு எண்ணெய் வார்த்த அதே பெத்தேலின் பலிபீடத்தையும் விட்டுவைக்கவில்லை. சமாரியா நாட்டு மேடைகளின் பூசாரிகளை அவர்தம் பீடங்களின் மீதே வெட்டிப் போட்டான். இவை பகைவர் கட்டிய கதைகளல்ல. இராஜாக்களின் இரண்டாம் நூல் 23ஆம் அதிகாரம் பெருமையோடு கூறுபவை.

சிற்றூர்த் தூண்கள் சாய்ந்தன. தலைநகரின் ஆலயத்திலோ? சாலொமோன் கட்டிய அக்கோயிலின் வாயிலிலே, யாகீன், போவாஸ் என்று பெயரிட்ட இரண்டு வெண்கலத் தூண்கள்! ஒவ்வொன்றும் 18 முழ உயரம்! உள்ளே, பொன் தகடு போர்த்த சிறகு விரித்த கேருபீன் உருவங்கள்! ஏழை நட்ட கல் பாவம். ஏந்தல் நட்ட தூண் அழகு! இசுரேலின் தென்பகுதியிலுள்ள ஆராத் என்னுமிடத்திலே 1960களில் அகழ்ந்தபோது, யூதேயர் காலத்துக் கோயில் ஒன்றும், அதன் கருவறையிலே நடப்பட்டிருந்த கல்லும் வெளிப்பட்டன. நாட்டு மக்கள் தம் ஊரிலேயே கல் நட்டு வணங்கியிருக்கின்றனர். தலைநகரம் அதைத் தன் வாசலுக்கு இழுக்க விரும்பியிருக்கிறது. கட்டளையின் ஒரு வேர் பக்தியிலே இருக்கலாம். இன்னொரு வேர் அரசனின் அதிகாரத்திலும் ஆசாரியனின் வருவாயிலும் ஊன்றியிருந்தது என்பதை எவர் மறுக்க இயலும்?

ஆயினும், நல்லதை நல்லதென்று சொல்லத் தயங்குவோரல்லர் நாம். அதே விவிலியத்தில் ஏசாயா 44ஆம் அதிகாரம் இருக்கிறது. ஒரு தச்சன் மரத்தை வெட்டுகிறான். பாதியை எரித்துக் குளிர் காய்கிறான், அப்பம் சுடுகிறான். மீதிப் பாதியைக் கடவுளாகச் செதுக்கி, என்னைக் காப்பாற்று என்று அதன் காலில் விழுகிறான். எவ்வளவு கூர்மையான கிண்டல்! நம் சிவவாக்கியர் நட்ட கல்லைப் பார்த்து எழுப்பிய கேள்விக்கு இது கூடப்பிறந்ததன்றோ? ஏசாயா நூல் காரணம் காட்டுகிறது, சிரிக்க வைக்கிறது, சிந்திக்கச் சொல்கிறது. லேவியராகமமோ, நானே உங்கள் ஆண்டவன் என்று முடித்துவிடுகிறது. ஒன்று அறிவின் குரல். மற்றொன்று ஆணையின் குரல். சிலையை ஏன் வணங்கக் கூடாது என்று கேட்டவனுக்குக் காரணம் சொல்வது பகுத்தறிவு. வேறொருவன் ஆணையிட்டான், ஆகவே வணங்காதே என்பது வணக்கத்தின் இன்னொரு வடிவம். கல்லின்முன் வளைந்த முதுகு நிமிரவில்லை. வேறு திசையிலே வளைந்தது, அவ்வளவே!

இனி, தலையாய கேள்வி. கல்லை விலக்கியவர்கள் மனிதரைப் பிரிக்கும் சுவரை விலக்கினரா?

லேவியராகமம் 26ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் தூணைத் தடுக்கிறது. ஒரே ஒரு பக்கம் பின்னோக்கிச் செல்லுங்கள். 25ஆம் அதிகாரத்தின் 44 முதல் 46 வரையுள்ள வசனங்கள், சுற்றியுள்ள அயலாரை அடிமைகளாக விலைக்கு வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்கலாம் என்று அனுமதிக்கின்றன. தன் இனத்தானை மட்டும் கொடுமையாக நடத்தாதே என்கின்றன. கல்லை நட்டால் குற்றம். மனிதனை வாங்கினால் உரிமை! இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டும், விக்கிரக மறுப்பே விடுதலை என்று கூறுவோமா?

1871இல் எருசலேமிலே ஒரு கல் கிடைத்தது. கிளெர்மோன் கன்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். அந்தக் கல்லிலே உருவம் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. கிரேக்க எழுத்துகள் மட்டுமே இருந்தன. ஏரோது காலத்து ஆலயத்தின் உள்வேலியிலே பதித்திருந்த எச்சரிக்கைக் கல் அது. அயலான் எவனும் இந்த வேலியைத் தாண்டக் கூடாது, தாண்டிப் பிடிபட்டால் சாவுக்கு அவனே பொறுப்பு என்பது அதன் செய்தி. சிலையில்லாத கோயில்! ஆனால் சாவைக் காட்டி மிரட்டும் வேலியுள்ள கோயில்! உருவத்தை ஒழித்துவிட்டால் ஒதுக்கல் ஒழிந்துவிடும் என்று நம்புவோர், அந்தக் கல்லை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

அக்கட்டளை தமிழகத்துக்கு வந்தபின் நடந்ததென்ன? 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சேற்றினார். பழைய ஏற்பாட்டையும் பெயர்க்கத் தொடங்கினார். அந்த உழைப்பை மதிக்கிறோம். விக்கிரகம் வேண்டாம் என்ற போதனை ஊரூராய்ப் பரவியது. ஆனால் 1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாதென்று சுற்றறிக்கை விடுக்க நேர்ந்தது! ஏன் நேர்ந்தது? வழிபாட்டிலே சாதிக்கோர் இருக்கையென்று பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதால்! அந்த ஆணையை ஏற்க மாட்டோமென்று தஞ்சையிலும் வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறித்தவர்கள் கிளர்ந்தெழுந்தனர். பிள்ளையாரைக் கைவிட முடிந்தது. பிறப்புப் பெருமையைக் கைவிட முடியவில்லை. கல் போயிற்று, கோடு நின்றது!

உலக அரங்கிலும் இதே பாடம்தான். 2001 மார்ச்சில் ஆப்கானித்தானத்துப் பாமியானிலே, மலையில் செதுக்கிய மாபெரும் புத்தர் சிலைகளைத் தாலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்தனர். உருவம் கூடாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். அவர்களே பெண்களின் பள்ளிகளைப் பூட்டியவர்கள். சிலை உடைந்த ஓசையிலே எந்த அடிமையின் விலங்கும் அறுபடவில்லை. சுத்தியலைக் கண்டு "சபாசு" போடுமுன், அதைப் பிடித்த கை யாரை விடுவிக்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை.

அப்படியானால் கல் நடுவதெல்லாம் நன்றா? அங்குதான் நம் மண்ணின் வரலாறு பேசுகிறது.

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம் வட்டாரம் நடுகற்களின் நாடு. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தொகுத்துச் "செங்கம் நடுகற்கள்" என்றே நூல் வெளியிட்டது. ஆநிரை மீட்கப் போரிட்டு மடிந்தவன் பெயர், ஊர், அவன் செய்த செயல், ஆண்ட மன்னனின் ஆட்சியாண்டு ஆகியவை கல்லிலே எழுத்தாக நிற்கின்றன. எடத்தனூரில் ஒரு நடுகல்; மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. கருந்தேவகத்தி என்ற வீரன் மாண்டதையும், கோவிவன் என்ற அவன் நாய் கள்ளரைக் கடித்து நின்றதையும் அக்கல் சொல்கிறது. நாய்க்கும் நன்றி மறவாது கல்லெடுத்த நாடு இது! புறநானூற்றிலே மாங்குடி கிழார், போரில் வீழ்ந்த வீரனின் நடுகல்லைத் தவிர நெல்தூவி வணங்கத்தக்க தெய்வம் வேறில்லை என்று பாடினார். அன்று கல் என்பது செய்ந்நன்றியின் மறுபெயர்.

பிறகு என்ன ஆயிற்று? காலம் ஓடியது. எழுத்து மாறியது, படிக்கத் தெரிந்தவர் அருகினர். கல்லிலே இருந்த பெயர் மறைந்தது. வேடியப்பன் என்ற தெய்வம் அங்கே குடியேறியது. மஞ்சள் பூசினர், எண்ணெய் வார்த்தனர், ஆடு வெட்டினர். வட்டெழுத்திலே தன் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்த மனிதன், வாய்மூடிய சாமியானான். எழுத்தைப் படிக்க மறந்தால் கல்லின்மீது எண்ணெய் ஏறும். தமிழகம் கற்க வேண்டிய பெரும்பாடம் இது. விவிலியமும் இதற்குச் சாட்சி கூறுகிறது. பாம்புக்கடிக்கு மருந்தாக மோசே செய்து வைத்த வெண்கலப் பாம்புக்கு மக்கள் பின்னாளில் தூபம் காட்டத் தொடங்கினர். எசேக்கியா மன்னன் அதை உடைத்தெறிந்தான் என்கிறது இராஜாக்களின் இரண்டாம் நூல் 18ஆம் அதிகாரம். நினைவுச்சின்னம் தெய்வமாவது எந்நாட்டிலும் எவருக்கும் நேரும் நோய்.

எவருக்கும் என்றோமே, அதில் நாமும் அடக்கம்.

1953 மே 27, புத்தர் பிறந்த நாள். அன்று பெரியார் பிள்ளையார் பொம்மையைப் பொதுமேடையிலே உடைத்தார். கோயிலுக்குள் புகுந்து உடைத்தாரில்லை, பூசாரியின்மீது கைவைத்தாரில்லை. தம் பொம்மையைத் தாமே உடைத்து, பார், ஒன்றும் நடக்கவில்லை என்று காட்டினார். யோசியாவின் வாளுக்கும் பெரியாரின் கைத்தடிக்கும் உள்ள தொலைவு அதுதான். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. மக்களில் ஒரு பகுதியார் புனிதமெனக் கருதும் எப்பொருளும் சட்டப் பாதுகாப்புக்கு உரியதே என்று 1958இல் விளக்கிய நீதிமன்றம், காலம் கடந்துவிட்டதால் வழக்கை மீண்டும் தொடர வேண்டாமென விட்டுவிட்டது. அண்ணாவோ, பிள்ளையாரை உடைப்பதுமில்லை, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுமில்லை என்ற நிலை எடுத்தார். வழி வேறாயினும் இருவரும் கேட்டது ஒன்றே: எவரும் எதன்முன்னும் அஞ்சி நடுங்காதிருக்க வேண்டும்.

அந்த இயக்கம் இன்று ஊர்தோறும் சிலை வைத்திருக்கிறது. வைத்ததைக் குறை கூறவில்லை நாம். அரசனுக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே உரியதாயிருந்த பீடத்திலே, தொண்டு செய்த மனிதனை ஏற்றியது ஒரு புரட்சி. பெரியார் சிலையின் பீடத்திலே கடவுள் மறுப்பு வாசகங்கள் இருக்கின்றன. அவற்றை அகற்றக் கோரிய வழக்கை 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கவனியுங்கள்: எதிரிக்கு உறுத்தியது எழுத்து! கல்லோடு அவனுக்குப் பெரும் பகையில்லை. கல் எத்தனை இருந்தாலும் பொறுத்துக்கொள்வான். எழுத்தைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. எதிரி அறிந்த அந்த உண்மையை நாம் மறக்கலாமா?

மறந்து வருகிறோம் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. தலைவர் பிறந்தநாளிலே மாலை மலைபோல் குவிகிறது. அவர் எழுதிய நூலைப் புரட்டிய கைகள் எத்தனை? படத்துக்குப் பால் ஊற்றும் பழக்கம் திரையரங்கிலிருந்து அரசியல் தெருவுக்கும் வழிதேடி வருகிறது. தலைவர் சொன்னதை ஏனென்று கேட்பவனைத் துரோகி என்று தூற்றும் நாக்கு நம்மிடையேயும் நீளுகிறது. இது மஞ்சள் பூசுதலின் முதல் படி. எண்ணெய் வார்த்தலின் முன்னோட்டம். இன்று தடுக்காவிட்டால், நாளை நம் தலைவர்களும் வேடியப்பன் ஆவர்.

தடுக்கும் வழி என்ன? சிலையை உடைப்பதா? வேண்டா. எழுத்தைப் படிப்பது! வேங்கிக்காலில் நிற்கும் சிலையை எப்படிப் படிப்பது?

பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் சட்டம் கொண்டுவந்தது கலைஞர் அரசு. அதை எதிர்த்த வழக்கில் 1972இல் உச்சநீதிமன்றம், பிறப்புரிமையை நீக்கியது செல்லும் என்றது; ஆகமத்தை மீறக் கூடாது என்றும் கூறி ஒரு தாழ்ப்பாளை மாட்டிவைத்தது. 2006இல் மீண்டும் ஆணை பிறந்தது. எல்லாச் சாதியினருக்குமான அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் தோன்றின. அவற்றுள் ஒன்று திருவண்ணாமலையிலேயே! 206 பேர் பயிற்சி முடித்தனர். ஆண்டுகள் உருண்டன. 2021 ஆகஸ்ட் 14இல்தான் அப்படிப் பயின்றோரில் 24 பேருக்கு ஒருசேரப் பணியாணை கிடைத்தது. கருவறையில் கடவுள் இருக்கிறாரா என்பது வேறு வழக்கு; அங்கே நுழையும் உரிமை பிறப்பால் மறுக்கப்படுவது மானத்தின் வழக்கு. ஆகவே, நெருப்புத் தூணின் கதை சொல்லும் அக்கோயிலின் கருவறையிலே, அந்தப் பள்ளியில் பயின்ற ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளை என்றைக்கு நின்று தமிழில் போற்றி சொல்வான் என்று கேட்பவனே, அச்சிலையைப் படித்தவன். மாலை மட்டும் போட்டுத் திரும்புகிறவன், எண்ணெய் வார்த்துத் திரும்புகிறவனுக்கு ஒன்றுவிட்ட தம்பி!

இன்னொரு பாடமும் அருகிலேயே இருக்கிறது. அதே மாவட்டத்துத் தண்டராம்பட்டு வட்டத்திலுள்ள தென்முடியனூர். அவ்வூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் காலடி வைக்கப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 30ஆம் நாள், மாவட்ட ஆட்சியர் முன்னிற்க, காவல்துறை சூழ்ந்து நிற்க, அவர்கள் உள்ளே சென்றனர். அம்மன் தடுத்தாளா? கல் எழுந்து வந்து வழிமறித்ததா? தடுத்தது மனிதக் கை. தடையை விலக்கியதும் சட்டம் ஏந்திய மனிதக் கை. குற்றம் கல்லின்மீது இருந்ததில்லை. கல்லைச் சாக்காக வைத்துக் கட்டிய சுவரின்மீதே இருந்தது. அவ்வூரிலே அக்கல்லைத் தூக்கி எறிந்திருந்தாலும், சாதி தன் சுவருக்கு வேறொரு சாக்கைத் தேடிக்கொண்டிருக்கும். தஞ்சையிலும் வேப்பேரியிலும் தேடிக்கொள்ளவில்லையா?

ஆகவே இளைஞர்களே, நம் தீர்ப்பு இது. விவிலியக் கட்டளையை நம் கொள்கையின் முன்னோடி என்று கொண்டாட வேண்டா. அது அரைக்கிணறு தாண்டியது. கல்லைக் கண்டது, கல்லுக்குப் பின்னால் நின்ற அடிமையைக் காணவில்லை. எந்தக் கல்லைக் கண்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதன்முன் நிமிர்ந்து நிற்கலாமா? இதனருகே எவரும் வரலாமா? இதிலுள்ள எழுத்தைப் படித்து, பிழையென்றால் பிழையென்று கூறலாமா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அது நினைவுக் கல். ஒன்றுக்கேனும் "இல்லை" என்றால், அதன்மேல் எந்த மதத்தின் பெயர் இருந்தாலும், எந்தக் கட்சியின் கொடி பறந்தாலும், அது அடிமைக் கல்!

அண்ணாமலையாரிடம் கேட்பதற்கு முன், வேங்கிக்கால் சிலையின் நிழலிலே நின்று அந்தக் கேள்விகளை நம்மை நாமே கேட்போம். கேட்கும் துணிவுள்ளவரை, நம் தலைவர்களின் சிலைகளுக்கு எண்ணெய் ஏறாது. ஏறவிடோம்!